சில்லறையின் சிற்றரசுகள்

இந்தப் பூனா நகரத்தில் எத்தனையோ லட்சம் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரிலும் இல்லாத நாடுகளில் குடியிருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் உடம்பு நகரத்தின் கராடிப் பகுதியில், ஏழாவது மாடியில், என்னோடு ஒரே ஃப்ளாட்டில் இருந்தது. ஆள் மட்டும் எப்போதும் ஏதாவது ஒரு பழைய ஜெர்மன் சிற்றரசில் இருப்பார். குளிக்கப் போனவர் திரும்பி வர நேரமானால், பவேரியா வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறார் போல என்று நினைத்துக்கொள்வேன்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. ஆபீஸ் அடையாள அட்டையில் அச்சாகியிருந்தது. அட்டையை அவர் எப்போதும் முதுகு தெரியும்படி திருப்பியே தொங்கவிட்டிருந்ததால் அந்தப் பேர் யாருக்கும் பழகவில்லை. எல்லோரும் அவரைச் சில்லறை என்றுதான் கூப்பிட்டோம்.

அந்தப் பேர் வந்தது ஓர் ஆட்டோவில். ஆபீசிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். நெட்வொர்க் இல்லாததால் போனில் பணம் போகவில்லை. ஆட்டோக்காரர், "சுட்டே ஆஹேத் கா?" என்று கேட்டார். சில்லறை இருக்கிறதா என்று அர்த்தம். நம்மவர் சட்டைப் பையில் கைவிட்டுக் கையில் வந்ததை எடுத்துக் கொடுத்தார். ஆட்டோக்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார். ஹேண்டில்பாரில் தட்டினார். பல்லால் கடிக்கப் போனவர் யோசித்து நிறுத்திக்கொண்டார்.

"கோட்டா ஹை," என்றார். கள்ளக்காசு என்று அர்த்தம்.

வேறு யாராக இருந்தாலும் கோபம் வந்திருக்கும். இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கரெக்டா சொல்லிட்டாரு வே," என்றார் என்னிடம். "இதுல மூணுல ஒரு பங்குதான் வெள்ளி. மிச்சம் பூராவும் செம்பு. தட்டிப் பாத்தே கண்டுபிடிச்சிட்டாரு பாரும்."

அது ஆறு க்ராய்ட்சர் என்ற பழைய ஜெர்மன் காசு. என் கையில் கொடுத்தார். ஒரு சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. இப்படிப்பட்ட காசுகளின் முதுகில் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டேன். "நிறைய காசுல 'சில்லறைக்காசு'ன்னே எழுதியிருக்கும்," என்றார். அன்றோடு அவர் பேர் முடிவாகிவிட்டது. அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. ராஜாவே அச்சடித்துக் கொடுத்த பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் திருநெல்வேலிப் பக்கம். நான் கோயமுத்தூர்ப் பக்கம். அவர் என்னை "வே" என்பார், நான் அவரை "ங்க" என்பேன். ஒரே வயதுக்காரர்கள்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் மரியாதை ஒரே திசையில் ஓடியது.

ஆபீசில் அவருக்கு வேலை, மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது. மூன்று வருஷமாகக் கராடியில் இருந்தும் எங்கள் சொசைட்டிக்கு, அதாவது அடுக்குமாடி வளாகத்துக்கு, எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஆட்டோக்காரர் கேட்டால் என்னைப் பார்ப்பார். ஆனால் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஜெர்மனியில் எந்த ஆற்றைத் தாண்டினால் எந்த ராஜாவின் காசு செல்லும், எந்தப் பாலத்தோடு செல்லாமல் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

ஒருமுறை, "அத்தன ராஜா எதுக்குங்க ஒரு ஊருக்கு?" என்று கேட்டுவிட்டேன். பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கீழே காட்டினார்.

"அங்கன பாரும். இந்த ஒரு ரோட்டுல எத்தன சொசைட்டி? ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேட்டு, ஒரு வாட்ச்மேன், ஒரு செக்ரட்டரி. இந்த சொசைட்டி ஸ்டிக்கர் ஒட்டுன வண்டி அடுத்த சொசைட்டிக்குள்ள போவ முடியுதா? பக்கத்து சொசைட்டில தண்ணி லாரி வந்தா நமக்குக் குடுப்பானா? ஜெர்மனி ஒண்ணாச் சேருததுக்கு முன்ன இப்படித்தான் இருந்துச்சு. முப்பத்தொம்பது சொசைட்டி. ஆளாளுக்கு ஒரு காசு அடிச்சான்."

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் விளங்காமல் போனதில்லை. ராய்ஸ் என்று ஓர் இடமாம். அங்கே ராஜ குடும்பத்தில் ஆண்பிள்ளை பிறந்தால் எல்லோருக்கும் ஹைன்ரிஷ் என்று ஒரே பேராம். நம்பர் போட்டுத்தான் பிரித்துக் கூப்பிட வேண்டுமாம். அவர் ஏதோ பெரிய அதிசயம்போலச் சொன்னார். எங்கள் தெருவில் ஒன்பது சுப்பிரமணி இருந்தார்கள், கொட்டாய் சுப்பிரமணி, பஸ் சுப்பிரமணி என்று நாங்கள் சமாளிக்கவில்லையா என்றேன். அன்று முழுவதும் அவர் என்னை மரியாதையோடு பார்த்தார்.

அவரிடம் இருந்தது மொத்தம் நூற்றுச் சொச்சம் காசு. ஒன்றுகூட விலை உயர்ந்தது கிடையாது. பளபளப்பான காசை யாராவது விற்பதாகப் போனில் படம் அனுப்பினால், "இது வீட்டைவிட்டு வெளியவே போவல," என்று ஒதுக்கிவிடுவார். தேய்ந்த காசுதான் வேண்டும். கொஞ்சம் வெள்ளியும் நிறையச் செம்பும் கலந்த காசு என்பதால், தேயத் தேய மேட்டுப் பகுதியில் செம்பு எட்டிப் பார்க்கும். ராஜா தலை போட்ட காசில் மேடு என்பது மூக்கு. ஆகவே அவருடைய ராஜாக்கள் எல்லோருக்கும் மூக்கு சிவந்திருக்கும். லிப்பே என்ற ஊர் ராஜா மூக்கோடு கன்னமும் சிவந்து, ஜலதோஷத்தோடு தர்பாருக்கு வந்தவர் மாதிரி இருப்பார்.

"பெரிய வெள்ளிக்காச எல்லாம் பணக்காரன் பெட்டில போட்டுப் பூட்டிட்டான் வே. இதுதான் கடத்தெருவுக்குப் போயிட்டு வந்தது."

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், மேற்கே வெளிச்சம் சாயும்போது, பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு காசை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு ஒன்றுதான். அந்தக் காசை யார் யாரோ தொட்டிருப்பார்கள் அல்லவா, அதில் ஒருவரைப் பிடித்துக்கொள்வார். கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பிப்பார். மழைக்காலமாக இருந்தால் எதிரே கட்டி முடிக்காத கட்டடங்கள் சாரலில் மறைந்துவிடும். கிரேன்கள் மட்டும் தேர்ச் சட்டம்போல் நிற்கும். அந்த நேரத்தில் கீழே ஹார்ன் அடிப்பது கராடியா வேறு ஊரா என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஒருநாள் மூன்று க்ராய்ட்சர் காசு ஒன்று. மலையடிவாரத்தில் பொம்மைக்குக் கண் வரைகிற ஒருத்தி, விளக்குக்கு எண்ணெய் வாங்க அந்தக் காசைக் கைக்குள் பொத்திக்கொண்டு பனியில் நடந்து வருகிறாள். எண்ணெய் இல்லாவிட்டால் இருட்டில் கண் வரைய முடியாது. கடைக்காரன் கதவைச் சாத்தப் போகிறான். அவ்வளவு தூரம் வந்ததும் நம்மவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. எழுந்து போய்விட்டார்.

நான் லேப்டாப்பில் வேலை செய்வதுபோல்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தேன் என்று காட்டிக்கொள்ளவும் கூச்சம். மறுநாள் காலை வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங். பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். அதே மீட்டிங்கில் பக்கத்து அறையிலிருந்து சேர்ந்திருந்த சில்லறை தண்ணீர் எடுக்க வந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க, அந்தப் பொம்பளைக்கு எண்ணெய் கெடச்சுதாங்களா?" என்று கேட்டேன்.

மைக்கை அணைக்க மறந்திருந்தேன். பதினெட்டுப் பேர் காதிலும் விழுந்துவிட்டது. பிறகு சென்னைக்காரரான எங்கள் மேனேஜர் கேட்டார், "யாருப்பா அந்த லேடி? எந்த மாட்யூல்?"

சில்லறை தன் லேப்டாப்புக்குப் போய், மைக்கைப் போட்டு, நிதானமாகப் பதில் சொன்னார். "கெடச்சிட்டு சார். கடைக்காரர் கதவத் தெறந்துட்டாரு."

"ஓகே. தென் க்ளோஸ் இட்," என்றார் மேனேஜர்.

காசுகளை அவர் வைத்திருந்தது ஓர் அஞ்சறைப்பெட்டியில். கடுகுக் கிண்ணத்தில் க்ராய்ட்சர், சீரகக் கிண்ணத்தில் வெள்ளி க்ரோஷன், வெந்தயத்தில் மற்றவை. பெட்டி இருந்த இடம் சமையலறை அலமாரி. அவருடைய அறையில் எதை எங்கே வைத்தாலும் தொலைந்துவிடும் என்பதால் அந்த ஏற்பாடு.

எங்களுக்குச் சமைத்துப் போட்டவர் ஒரு மராட்டி அம்மா. எல்லோரையும்போல நாங்களும் மாவ்ஷி என்று கூப்பிட்டோம். சித்தி என்று அர்த்தம். ஹடப்சரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் நாங்கள் ஆபீசிலிருந்து வந்தபோது, மாவ்ஷி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். முகம் பூரித்திருந்தது.

"பகா," என்றார். பாருங்கள்.

சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் நூற்றுச் சொச்சம் காசுகள், கோலப் புள்ளிபோல் வரிசையாக. பாத்திரம் தேய்க்கிற பொடியும் கம்பி நாரும் கொண்டு ஒவ்வொன்றையும் மதியம் முழுக்கத் தேய்த்திருக்கிறார். பண்டிகைக்கு வீட்டில் கருத்த சாமான் இருக்கக்கூடாதாம்.

பழங்காசு சேர்ப்பவர்கள் காசைத் துணியால்கூடத் துடைக்க மாட்டார்கள். எனக்கே அது தெரியும். அந்தக் கருப்பு படிவதற்கு நூறு வருஷம் ஆகும். மேலே மெல்லிய தோலாக இருந்த வெள்ளி நாரோடு போய்விட்டது. முப்பத்தொன்பது நாடும் ஒரே நிறத்தில், புதுச் செம்புக் குடம்போல, இளஞ்சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

நான் சில்லறையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் மேசைக்கருகில் போய்க் குனிந்தார். ஒவ்வொரு காசாக, ஒன்று விடாமல் பார்த்தார். மாவ்ஷியின் விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன, நகத்தோரம் கீறல்கள். அதையும் பார்த்தார்.

"கூப் சான், மாவ்ஷி," என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறது.

அன்று வழக்கத்தைவிட ஒரு பாக்ரி ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டார். மாவ்ஷி போனபிறகு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"ஒரேயடியா எல்லா ராஜாவும் வெக்கப்பட்டுட்டானுவ வே," என்றார்.

அவ்வளவுதான். மறுபடி அதைப் பற்றி அவர் பேசியதில்லை. சட்டைப் பையில் இருந்த ஒரே ஒரு காசு மட்டும் தப்பித்திருந்தது. சாக்ஸ-மைனிங்கன் என்ற சின்ன ராஜ்யத்து மூன்று க்ராய்ட்சர். ஒரு பக்கம் கிரீடம் வைத்த கேடயம், மறுபக்கம் இலை வளையத்துக்குள் எண். அதை அவர் பேனா மாதிரி எப்போதும் நெஞ்சோடு வைத்திருப்பார். குளிக்கும்போது சோப்புப் பெட்டி மேல் இருக்கும். பொம்மைக்குக் கண் வரைந்தவள் கையில் இருந்த காசும் அதுதான்.

அடுத்த மார்ச்சில் எங்கள் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து கிளையன்ட் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா. ஒல்லியான உடம்பு, குட்டையாக வெட்டிய நரைமுடி, எங்கே போனாலும் கையில் தன் சொந்தத் தண்ணீர் பாட்டில். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வந்திருக்கிறார். இரண்டு நாள் எல்லாவற்றையும் பார்த்தார். எதற்கும் சிரிக்கவில்லை. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் ரூம்மேட்டுக்கு ஜெர்மன் தெரியுமாமே? லஞ்சுல அவங்க பக்கத்துல உக்கார வைக்கலாமா?"

சில்லறைக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் காசில் எழுதியிருந்தது மட்டும்தான். ராஜா, பெரிய ராஜா, சுதந்திர நகரம், சில்லறைக்காசு, முப்பது சேர்ந்தால் ஒரு தாலர். இதை வைத்துக்கொண்டு ஒரு வேளைச் சாப்பாடு ஓட்ட முடியாது என்று சொன்னேன். மேனேஜர் கேட்கவில்லை.

மதியம் அந்த அம்மா பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மேனேஜரும் நானும் எதிரே. சில்லறை எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த மரியாதைச் சொல் ஒன்றைத் தேடி எடுத்து, "குட்டன் டாக், க்ரோஸ்ஹெர்ட்சோக்," என்றார். வணக்கம், மகாபிரபுவே.

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

அதற்கப்புறம் ஆங்கிலத்தில் பேச்சு போனது. எந்த ஊர் என்று இவர் கேட்டார். வெர்ரா ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர், உங்களுக்குத் தெரிந்திருக்காது, துரிங்கியா மாநிலம் என்று அவர் சொன்னார்.

"இல்லை," என்றார் சில்லறை.

மேனேஜர் கையிலிருந்த குலாப்ஜாமூன் பாதி வழியில் நின்றது.

"நீங்கள் சாக்ஸ-மைனிங்கன். துரிங்கியா பிற்பாடு வந்தது," என்றார் சில்லறை, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதுபோல. பிறகு அந்த ஆறு எந்த மலையில் இறங்குகிறது, எந்த ஊரில் பொம்மை செய்தார்கள், எந்த ஊரில் ஸ்லேட்டுக் கல் வெட்டினார்கள், மலைக்கு அந்தப் பக்கம் போனால் காசை ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்று வரிசையாகச் சொன்னார். அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. மேனேஜர் என் காலை மேசைக்கடியில் மிதித்தார். அவர் மிதிக்க நினைத்தது சில்லறையின் கால்.

கடைசியில் சில்லறை சட்டைப் பையிலிருந்து அந்தக் காசை எடுத்து அந்த அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த அம்மா அதை எடுத்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.  டீ வந்தது, ஆறியது.

"எங்கள் தெருவில் ஒரு பழைய கட்டடத்துக் கதவுக்கு மேலே இந்தக் கேடயம் கல்லில் இருக்கிறது," என்றார் கடைசியில். "ஐம்பது வருஷமாக அதன் கீழே நடக்கிறேன். இன்றைக்குத்தான் அது என்ன என்று தெரிகிறது."

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதற்குக் காரணம் தன்னுடைய பவர்பாயின்ட் என்று மேனேஜர் இன்றைக்கும் நம்புகிறார்.

ஆனால் அதோடு முடியவில்லை. ஆகஸ்டில் அங்கிருந்து கடிதம் வந்தது. மூன்று மாதம் அங்கே வந்து வேலை பார்க்க ஓர் ஆள் வேண்டும், சாக்ஸ-மைனிங்கன் தெரிந்த அவரையே அனுப்புங்கள். ஆபீசில் ஆளாளுக்கு ஜெர்மனி போக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சில்லறை மாட்டேன் என்றுவிட்டார்.

மேனேஜர் கெஞ்சினார். போகாவிட்டால் அடுத்த வருஷம் உனக்கு எந்த புராஜெக்டும் இருக்காது என்று மிரட்டியும் பார்த்தார். வீட்டுக்கு வந்து நானும் கேட்டேன்.

"ஏனுங்க, அந்த ஊரையே நெனச்சுட்டு இருக்கறீங்க. கூப்பிட்டுக் குடுக்கறாங்க. போறதுக்கு என்னங்க?"

அவர் கிரேன்களைப் பார்த்தபடியே சொன்னார், "இப்ப எனக்கு அந்த ஊரு முழுசாத் தெரியும் வே. போய்ப் பாத்தா பாதிதான் தெரியும்."

 அவர் குரலில் வேடிக்கை இல்லை. பயந்திருந்தார்.

மாவ்ஷி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே எங்கள் முகங்களைப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன், அந்த டப்பாவில் இருக்கிற ராஜாக்களின் ஊருக்குக் கூப்பிடுகிறார்கள், இவர் போகமாட்டேன் என்கிறார் என்று. மாவ்ஷி குழவியைக் கீழே வைத்தார். வருஷா வருஷம் ஆஷாட மாதத்தில் ஹடப்சர் வழியாகப் பண்டரிபுரத்துக்குப் பல்லக்கு போகிறதே, மாவ்ஷியின் வீட்டு வாசலில்தான் அது திரும்பும். அதில் இருப்பது ஒரு மகானின் இரண்டு பாதுகைகள். அவற்றையே இருநூறு கிலோமீட்டர் சுமந்துகொண்டு போய்ச் சாமியைக் காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்றார்.

"இந்த ராஜா எத்தனை வருஷமாக வீட்டைவிட்டு வந்து இங்கே கடுகு டப்பாவில் கிடக்கிறார்," என்று மராட்டியும் இந்தியும் கலந்து கேட்டார். "ஒருதடவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வா. நீ பார்க்க வேண்டாம். அவர் பார்க்கட்டும்."

சில்லறை அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து பாஸ்போர்ட்டைத் தேடப் போனார். அது கிடைக்க மூன்று நாள் ஆயிற்று.

போன முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். ஆபீஸ், அறை, குளிர், உருளைக்கிழங்கு. அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இருக்கு வே," என்பார். ஆறு? "இருக்கு. நம்ம முளா முட்டாவுல பாதிதான் வரும்." ராஜா யாராவது தட்டுப்பட்டாரா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. "இங்க எல்லாரும் சும்மா இருக்காவ. பஸ்ஸுக்கு நிக்காவ. பொம்ம செய்யுத ஆளு ஒருத்தரும் இல்ல," என்றார்.

சாயங்காலம் பால்கனி நாற்காலி காலியாக இருக்கும். நான் ஒருநாள் அதில் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே தெரிந்தது கராடிதான். போகச் சொன்னது தப்போ என்று நினைத்தேன். ஒரு மனிதர் பத்து வருஷமாகக் கட்டி வைத்திருந்ததை ஒரு விமான டிக்கெட் இடித்துவிட்டதோ என்று இருந்தது.

டிசம்பரில் ஒரு காலைப்பொழுதில் அவர் திரும்பி வந்தார். டில்லியில் விமானம் மாறி, பூனாவின் லோஹகாவ் ஏர்போர்ட்டில் எட்டு மணிக்கு இறங்கினார். நான் கேப் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஆள் இளைத்திருந்தார். பெரிய கம்பளிக் கோட்டும் கையில் ஒரு காகிதப் பையும். பெட்டியை வண்டியில் வைத்தோம். வண்டி கிளம்பியது. பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"கெளம்புத அன்னிக்குக் காலைல ரொட்டிக் கடைக்குப் போனேன். தினம் போற கடதான். ஒரு அம்மா இருப்பாவ. நானும் பேசமாட்டேன், அவியளும் பேசமாட்டாவ. ரொட்டியக் காட்டுவேன், எடுத்துக் குடுப்பாவ, காசக் குடுத்துட்டு வருவேன்."

"செரிங்க."

"அன்னிக்கு என்ன ஆச்சின்னா, ஊருக்குப் போற நெனப்புல கோட்டுப் பையில விடுத கையச் சட்டப் பையில விட்டுட்டேன் வே."

நான் அவர் நெஞ்சைப் பார்த்தேன். சட்டைப் பை தட்டையாக இருந்தது.

"அவிய அந்தக் காச எடுத்துப் பாத்தாவ. நானும் அப்பதான் பாக்கேன். உசுரே போச்சு. கைய நீட்டுதேன், ஆனா வாயில ஒரு வார்த்த வரல. எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன் எல்லாம் அந்தக் காசுலதான எழுதியிருக்கு, அது அவிய கையில இருக்கு. அவிய உள்ள திரும்பி யாரையோ கூப்பிட்டாவ. மாவுக் கையோட ஒரு பெரியவர் வந்தாரு. ரெண்டு பேரும் ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுப் பாத்தாவ. பின்ன அவரு எங்கிட்ட இங்கிலீஷ்ல கேட்டாரு, இதுக்கு எத்தன ரொட்டி வரும்னு."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"திருப்பிக் கேக்கணும்னுதான் நெனச்சேன். ஆனா அவரு கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்லா. அந்தக் காலத்துல க்ராய்ட்சருக்கு ஒண்ணு, மூணு க்ராய்ட்சருக்கு மூணுன்னு சொல்லிட்டேன். அந்த அம்மா தலைய ஆட்டிட்டு மூணு ரொட்டிய எண்ணி இந்தப் பையில போட்டாவ. கல்லாவத் தொறந்து அந்தக் காச உள்ள போட்டாவ. மத்தக் காசோட காசா. மூடிட்டாவ."

வண்டி சிக்னலில் நின்றது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"அது விழுந்த சத்தம் கேட்டுச்சு வே. கண்ணாடிப் பெட்டில வெச்சிருந்தா பிடுங்கிட்டு வந்திருப்பேன். அவிய கல்லாவுல போட்டுட்டாவ. நூத்தம்பது வருசம் சும்மாக் கெடந்துட்டு, அன்னிக்குத்தான் அது வேலைக்குப் போச்சு."

வண்டி நகர்ந்ததும் சொன்னார், "வெளிய வந்து பாத்தா ஊரு பூராப் பனி. பஸ்ஸுக்கு நின்னவன், சைக்கிள்ல போனவன், ஒருத்தன் விடாம எல்லாரும் சாக்ஸ-மைனிங்கனாத் தெரிஞ்சாவ. ஆத்துப் பாலத்துல நின்னு ஒரு ரொட்டியத் தின்னேன். கண்ணுல தண்ணியா வருது. குளிருக்குன்னு வெச்சுக்கிடும்."

காகிதப் பையைத் திறந்து என்னிடம் ஒரு ரொட்டியைக் கொடுத்தார். இன்னொன்று மாவ்ஷிக்கு என்றார். பயணத்தில் அது கல்லாகியிருந்தது. கடித்தேன், பல் போகாமல் ஒரு துண்டு வந்தது. உப்பும் கொஞ்சம் கருகல் மணமும். மெல்ல மெல்ல இனித்தது. நான் தின்று முடித்து எப்படி இருக்கிறது என்று சொல்லத் திரும்பினால், அவர் தூங்கிவிட்டிருந்தார். தலை மெதுவாகச் சாய்ந்து என் தோளில் வந்து நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எந்த நாட்டில் இருந்தாரோ, நன்றாக இருந்தார் என்று முகத்தில் தெரிந்தது.

எங்கள் சொசைட்டி கேட் வந்துவிட்டது. வாட்ச்மேன் தடுப்பைத் தூக்கினார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பாயி, சத்தம் போடாம இன்னொரு ரவுண்டு போயிட்டு வாங்க," என்றேன் இந்தியில். "நிதானமா போங்க. எங்க வேணா போங்க."